நீச்சலும் வெள்ளைக் கோடும்

போன மாதம், முழங்கால் வலிக்கு நீச்சல் எப்படி உதவுகிறது என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மூன்று நண்பர்கள் தனித்தனியாகத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். மூவரும் கேட்டது ஒரே கேள்வி. "நீச்சல் நல்லதுதான் சார். ஆனா தோல் வறண்டு போய் அரிக்குது, முடி தேங்காய் நார் மாதிரி ஆயிடுது. அதுக்கு நீங்க என்ன பண்றீங்க?" மூவரும் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களில் ஒருவர், அரிப்பு தாங்காமல் நீச்சலையே நிறுத்திவிட்டதாகச் சொன்னார். முக்கியமாக அவருக்காகத்தான் இந்தப் பதிவு.

நானும் என் மனைவியும் ஏழு வருடமாக வாரத்தில் ஐந்து நாள் நீச்சல் குளத்துக்குப் போகிறோம். எனக்குக் காலை ஆறு மணி வகுப்பு. பெண்களுக்குத் தனி நேரம், ஏழரை மணிக்கு. அவள் தண்ணீரில் கால் வைத்ததே அறுபத்து நான்கு வயதில்தான். இப்போது என்னைவிட நன்றாக நீந்துகிறாள் என்று அவளே சொல்லிக்கொள்கிறாள். நானும் மறுப்பதில்லை. அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது. அதனால் தோல் வறட்சி எங்கள் வீட்டில் அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக ஒருநாளும் இருந்ததில்லை.

"இந்த வயசுல மேனி மினுமினுப்பு எதுக்கு" என்று சிரிப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்களோடு நீந்தும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், சர்க்கரை நோயாளி. குளத்து மருந்து வாடை போக வேண்டும் என்று தினமும் வீட்டில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில், நார் போட்டு, சோப்பு நுரைக்கத் தேய்த்துக் குளிப்பார். இரண்டே மாதத்தில் கால் முன்னெலும்புப் பக்கம் தோல் வெடித்து, காய்ந்த ஏரி மண் மாதிரி ஆகிவிட்டது. இரவெல்லாம் அரிப்பு. தூக்கத்தில் சொறிந்தது புண்ணாகிச் சீழ் வைத்து, ஆறு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த ஆறு வாரத்தில் நடக்கவும் முடியவில்லை, நீந்தவும் முடியவில்லை. முழங்கால் மறுபடி பிடித்துக்கொண்டது, சர்க்கரை ஏறியது. தோலில் விழுந்த ஒரு சின்ன வெடிப்பு மனிதரை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. தோல் என்பது சுவர். வயதானவர்களுக்கு, அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, அந்தச் சுவரில் கீறல் விழக் கூடாது.

சரி, தண்ணீரிலேயே ஊறிக் கிடக்கும் தோல் ஏன் வறண்டு போகிறது? கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். இதற்கான பதில் எனக்கு ஒன்பது வயதிலேயே கிடைத்துவிட்டது.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். 1954க்குப் பிறகும் எங்கள் பள்ளியில் எல்லாம் பிரெஞ்சிலேயே நடந்தது. அறிவியலுக்கு அங்கே 'லெசோன் த ஷோஸ்' என்று பெயர். பொருள்களைப் பற்றிய பாடம் என்று வைத்துக்கொள்ளலாம். புத்தகத்தைத் திறக்கும் முன் ஒரு பொருளைக் கையில் எடுத்துக் காட்டுவார்கள். ஒருநாள் எங்கள் 'மெத்ர்' ஒரு வாத்து இறகைக் கொண்டுவந்தார். கிண்ணத்துத் தண்ணீரில் முக்கி எடுத்தார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிட்டது, இறகு நனையவே இல்லை. பிறகு அதே இறகைச் சவுக்காரத் தண்ணீரில் நன்றாக அலசி, மறுபடி முக்கினார். இப்போது அது நனைந்து, துவண்டு, செத்த எலி வால் மாதிரி தொங்கியது. "எண்ணெய் போய்விட்டது, அவ்வளவுதான்" என்றார் மெத்ர். வாத்து தன் அலகால் வாலடியில் இருக்கும் எண்ணெயை எடுத்து இறகெல்லாம் பூசிக்கொள்கிறது, அதனால்தான் நாள் முழுக்க நீரில் இருந்தும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை என்று விளக்கினார்.

நம் தோலும் அப்படித்தான். மேல்தோலின் வெளி அடுக்கில் காய்ந்த செல்கள் செங்கல் அடுக்கியது போல இருக்கின்றன. செங்கல்லுக்கு நடுவே சுண்ணாம்புச் சாந்து மாதிரி ஒரு கொழுப்புப் பூச்சு. அதற்கும் மேலே, தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசை. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே ஓடிவிடாமல் காப்பது இவைதான். நெடுநேரம் தண்ணீரில் இருந்தால் தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருள்கள் கரைந்து போகின்றன. குளத்தில் இருக்கும் குளோரின் எண்ணெய்ப் பசையையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. கரையேறியதும் காற்று பட்டு, மிச்சம் இருக்கும் ஈரமும் ஆவியாகிறது. ஆக, தோலை வறட்டுவதில் பாதி வேலை தண்ணீருக்கு வெளியே வந்த பிறகுதான் நடக்கிறது. அதனால்தான் வெளியே வந்ததும் நாம் என்ன செய்கிறோம் என்பது முக்கியம்.

வயதாக ஆக எண்ணெய்ச் சுரப்பு குறைகிறது, தோலும் மெலிகிறது. பதினைந்து வயதுப் பையன் குளத்திலிருந்து எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவிடலாம். அவன் தோல் மாலைக்குள் தன்னைச் சரிசெய்துகொள்ளும். நமக்கு அப்படி இல்லை.

இந்த வறட்சியைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. உங்களில் பலர் சின்ன வயதில் அந்தச் சோதனையில் மாட்டியிருப்பீர்கள். அரியாங்குப்பம் ஆற்றிலோ கழனிக் கிணற்றிலோ ஆட்டம் போட்டுவிட்டு, தலையைத் துவட்டி, ஒன்றும் தெரியாதவன் போல வீட்டுக்குள் நுழைவோம். ஆயா கூப்பிட்டு முன்கையில் நகத்தால் ஒரு கோடு இழுப்பாள். வெள்ளையாகக் கோடு விழுந்தால் முதுகில் ஒன்று விழும். மருந்து எதுவும் கலக்காத ஆற்று நீரே தோலை அப்படி வெளுக்க வைத்தது என்பதைக் கவனியுங்கள். தோல் காய்ந்து செதில் செதிலாகும்போது நடுவில் காற்றுப் புகுந்து வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது, அதுதான் வெள்ளையாகத் தெரிகிறது. ஆயாவுக்கு இதெல்லாம் தெரியாது, ஆனால் சோதனை சரியான சோதனை. இன்றும் குளித்து ஒரு மணி நேரம் கழித்து முன்கையில் மெதுவாக நகத்தை ஓட்டிப் பாருங்கள். கோடு விழுந்தால் உங்கள் தோல் எண்ணெய் கேட்கிறது என்று அர்த்தம்.

குளோரின் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் பழக்கம் உள்ள வீடுகளில் தரை கழுவவும் வெள்ளைத் துணி வெளுக்கவும் 'ஓ த ஜவேல்' என்று ஒன்று இருக்கும். ஜவேல் என்பது அந்தக் காலத்தில் பாரிசை ஒட்டி, சேன் நதிக்கரையில் இருந்த ஓர் ஊர். இப்போது பாரிசுக்குள்ளேயே வந்துவிட்டது, அந்தப் பெயரில் மெத்ரோ நிலையமும் இருக்கிறது. 1780களில் பெர்த்தொலே என்ற வேதியியல் அறிஞர், குளோரினைக் கொண்டு துணியை வெளுக்கலாம் என்று கண்டார். அதற்கான நீர்மம் ஜவேலில் இருந்த ஆலையில் தயாரானது. அதனால் அந்தப் பெயர். இன்று கடையில் கிடைக்கும் ஜவேல் நீரில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். நீச்சல் குளத்தில் கிருமி கொல்லப் போடுவதும் பெரும்பாலும் அதேதான், அல்லது அதன் உறவுக்காரர்கள். அளவு மட்டும் மிகக் குறைவு. லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரைதான் பொதுவாக இருக்கும். முதல் மாதம் நீந்திவிட்டு வந்த என் மனைவி தன் கூந்தலைத் தடவிப் பார்த்து, "என்னங்க இது, வெள்ளாவியில வெச்ச துணி மாதிரி ஆயிடுச்சு" என்றாள். சரித்திரப்படி அவள் சொன்னது ரொம்பச் சரி.

அதற்காகக் குளோரின் மேல் கோபப்பட வேண்டாம். அது இல்லாத பொதுக் குளத்தில் நான் இறங்க மாட்டேன். இன்னொன்று, கண்ணைக் கரிக்கும் அந்தக் காரமான வாடையைக் குளோரின் அதிகமாகிவிட்டதன் அடையாளம் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி அல்ல. குளிக்காமல் இறங்குபவர்களின் வியர்வை, உடம்பில் பூசிய கிரீம், சிறுநீர் இவற்றோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின் என்ற பொருளின் வாடை அது. தோலையும் கண்ணையும் அதிகம் உறுத்துவது இதுதான். ஆகவே 'குளித்துவிட்டு இறங்கவும்' என்ற பலகையை மரியாதைக்காக வைத்தது என்று நினைக்காதீர்கள். ஆளுக்கு ஒரு நிமிடம் ஷவரில் நின்றால் அத்தனை பேர் தோலுக்கும் நல்லது.

முடிக்கு வருவோம். ஒவ்வொரு முடியின் மேலும் நாட்டு ஓடு வேய்ந்தது போலச் செதில்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். எண்ணெய்ப் பசை போய்விட்டால் அந்த ஓடுகள் தூக்கிக்கொள்ளும். முடிக்கு முடி சிக்கும், நுனி பிளக்கும். முடி ஒரு பஞ்சு மாதிரி. தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும், பாதிப் பாதுகாப்பு கிடைத்துவிடும். முதலிலேயே நல்ல தண்ணீரைக் குடித்து நிறைந்துவிட்ட முடி, குளத்து நீரை அவ்வளவாகக் குடிக்காது.

என்னைப் போல முழுக்க நரைத்தவர்களுக்கு இன்னொரு வினோதம் நேரலாம். முடியில் இலேசாகப் பச்சை ஏறும். குளோரின்தான் காரணம் என்பார்கள். உண்மையில் அது தாமிரத்தின் வேலை. பாசி பிடிக்காமல் இருக்கச் சில குளங்களில் மயில்துத்தம் போடுவார்கள், அல்லது செப்புக் குழாய்களிலிருந்து தாமிரம் கரைந்து வரும். அது வெள்ளை முடியில் ஒட்டிக்கொள்கிறது. கறுப்பு முடியிலும் ஒட்டும், ஆனால் வெளியே தெரியாது.

இனி நாங்கள் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். முப்பத்தைந்து வருடம் கோப்பு கட்டியவன், எதையும் வரிசைப்படுத்தாமல் எனக்குச் சொல்ல வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இறங்குவதற்கு முன்

முதல் நாள் இரவே தலைக்குத் தேங்காய் எண்ணெய். நிறைய வேண்டாம், உள்ளங்கையில் ஒரு சின்ன ஸ்பூன் அளவு போதும், முடி நீளமாக இருந்தால் இரண்டு. வேரைவிட முடியின் நடுப்பகுதிக்கும் நுனிக்கும்தான் அது தேவை. ஏன் தேங்காய் எண்ணெய் என்றால், மற்ற பல எண்ணெய்கள் முடியின் மேலேயே நிற்க, இது உள்ளே இறங்கும் தன்மை உடையது. இந்திய ஆராய்ச்சியாளர்கள் 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான். நம் வீட்டுப் பெண்கள் ஆய்வுக்குக் காத்திருக்கவில்லை.

காலையில் குளத்துக்குப் போகும்போது புதிதாக எண்ணெய் வழிய வழியப் பூசிக்கொண்டு போகாதீர்கள். அது தண்ணீரில் மிதந்து படலமாகும், வடிகட்டியை அடைக்கும், குளத்துக்காரரும் திட்டுவார். முதல் நாள் தேய்த்தால் இரவில் அது இறங்கிவிடும், மேலே மிஞ்சியதைக் காலை ஷவர் எடுத்துவிடும். குதிகால், முழங்கை இரண்டுக்கும் மட்டும் இலேசாக வாசலின் தடவலாம்.

பிறகு ஷவரில் தலைமுடி வேர் வரை நன்றாக நனைய வேண்டும். தெளித்துக்கொண்டால் போதாது. அதன் மேல் தொப்பி. ரப்பர் தொப்பி முடியைப் பிடித்து இழுக்கும், கழற்றும்போது நாலு முடியாவது கூட வரும். சிலிக்கான் தொப்பி கொஞ்சம் விலை கூடுதல் என்றாலும் வழுக்கிக்கொண்டு ஏறும். துணித் தொப்பி தண்ணீரைத் தடுக்காது. எந்தத் தொப்பியும் தண்ணீரை முழுக்கத் தடுக்காது என்பதால்தான் முதலில் நனைத்துக்கொள்ளச் சொன்னேன்.

நீந்தும்போது

எங்கள் வயதுக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் போதும். முழங்காலுக்கு வேண்டியது அதற்குள் கிடைத்துவிடும். அதற்கு மேல் இருப்பதெல்லாம் பெரும்பாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு பேசும் அரசியல். அரசியலைக் கரையில் வைத்துக்கொள்ளலாம். திறந்தவெளிக் குளமாக இருந்தால் வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள். வெயிலும் குளோரினும் சேர்ந்தால் தோலுக்கு இரட்டை அடி.

கரையேறிய பிறகு

முக்கியமானது இதுதான். ஏறியவுடன் அங்கேயே ஷவர், வீட்டுக்குப் போய்க் குளித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. குளத்து நீர் உடம்பிலேயே காய்ந்தால் அதில் இருப்பதெல்லாம் தோலிலேயே தங்கும். தண்ணீர் வெதுவெதுப்பாகவோ குளிர்ந்தோ இருக்கட்டும். கொதிக்கும் வெந்நீர் கூடவே கூடாது, மிச்சம் இருக்கும் எண்ணெயையும் அது உருக்கிக்கொண்டு போய்விடும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி மங்கியிருக்கலாம், சூடு தெரியாது. முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றிக்கொள்ளுங்கள்.

சோப்பு உடம்பு முழுக்க வேண்டியதில்லை. அக்குள், தொடை இடுக்கு, பாதம் இவற்றுக்குப் போதும். நம் தோலின் இயல்பு கொஞ்சம் அமிலத்தன்மை. பி.எச். கணக்கில் 5ஐ ஒட்டி இருக்கும். குளத்து நீரை 7.2 முதல் 7.8க்குள் வைத்திருப்பார்கள். சாதாரணக் கட்டி சோப்போ 9, 10 என்று போகும். ஆக, குளத்தைவிட சோப்புதான் தோலின் இயல்பிலிருந்து அதிகம் விலகி நிற்கிறது! நாங்கள் பயத்தம் மாவு வைத்திருக்கிறோம். அதையும் அழுத்தித் தேய்க்கக் கூடாது. நார், பீர்க்கங்கூடு, படிக்கல் எதுவும் வேண்டாம்.

துண்டால் ஒற்றி எடுங்கள், உரசித் துவட்ட வேண்டாம். தோலில் இலேசான ஈரம் இருக்கும்போதே, அதாவது மூன்று நிமிடத்துக்குள், எண்ணெயோ கிரீமோ பூசிவிட வேண்டும். ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு பூசினால் எதை மூடிக் காப்பது? வீட்டுக்கு வந்து காப்பி குடித்துப் பேப்பர் படித்துவிட்டுப் பூசுவது, மழை விட்ட பிறகு குடை பிடிப்பது போல. அதனால் எங்கள் பையில் துண்டு இருக்கிறதோ இல்லையோ, ஒரு சின்ன பாட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கும். விலை உயர்ந்த லோஷன் தேவையில்லை. வாசனை அதிகம் இல்லாத ஒன்றாக இருந்தால் சரி. குதிகால் வெடிப்புக்கு மட்டும் யூரியா கலந்த கிரீம் ஒன்றை டாக்டர் எழுதிக் கொடுத்தார். "யூரியாவா, வயலுக்குப் போடறதா?" என்று என் மனைவி பயந்தாள். தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருள்களில் யூரியாவும் ஒன்று, அது இயற்கையிலேயே நம் தோலில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. கால் விரல் இடுக்குகளில் எண்ணெயோ கிரீமோ போகக் கூடாது. அந்த இடம் மட்டும் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சேற்றுப்புண் வரும். குளக்கரையிலும் உடை மாற்றும் அறையிலும் ரப்பர் செருப்போடு நடக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் அன்றாடம் இரவு பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். குனிய முடியாவிட்டால் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் நான் அவள் பாதத்தைப் பார்க்கிறேன். ஐம்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் வந்து சேர்ந்த புது உத்தியோகம்.

தலைக்குத் தினமும் ஷாம்பு வேண்டாம். தினமும் நல்ல தண்ணீரில் நன்றாக அலசினால் போதும். வாரத்தில் இரண்டு நாள் மென்மையான ஷாம்புவோ சீயக்காயோ போடலாம். ஷாம்பு போடும் நாளில் கண்டிஷனரும் போடுவது பெண்களுக்கு நல்லது, தூக்கிய ஓடுகள் படியும். ஈர முடி பலம் குறைந்தது, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே வாருங்கள். சனிக்கிழமை எனக்கு, வெள்ளிக்கிழமை அவளுக்கு என்று நல்லெண்ணெய்க் குளியல் தொடர்கிறது. அந்த இரண்டு நாளும் குளத்துக்கு விடுமுறை. தோலுக்கும் அது ஓய்வு.

சில தவறான யோசனைகளையும் சொல்லிவிடுகிறேன். குளோரின் வாடை போக எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக்கொள்ளச் சொல்வார்கள். வைட்டமின் சி குளோரினை முறிக்கும் என்பது உண்மைதான். ஆனால் எலுமிச்சைச் சாறு பட்ட தோலோடு வெயிலில் போனால் கொப்புளம் கிளம்பிக் கறுத்துவிடும், அந்தக் கறை மாதக்கணக்கில் போகாது. அதே போல, பிரான்சில் இருக்கும் உறவினர்கள் ஆலிவ் எண்ணெயைத் தெய்வமாகக் கொண்டாடுவார்கள். சாலட்டுக்கு அது அருமையானது. ஆனால் அதிலுள்ள ஒலேயிக் அமிலம் தோலின் காப்புச் சுவரைத் தளர்த்துகிறது என்று 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்று சொல்கிறது. வறண்ட தோலுக்கு நான் அதைத் தொடுவதில்லை.

பிரான்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. மகன் வீட்டுக்குப் போகும்போது அங்கே உள்ள 'பிசீனு'க்கும் போவோம். இலத்தீனில் மீனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது, ஆதியில் மீன்குளம் என்றுதான் அர்த்தம். மீனுக்கு உடம்பெல்லாம் வழவழப்பான ஒரு பூச்சு இருக்கிறது. நமக்கும் ஒரு காலத்தில் இருந்தது. தாய் வயிற்றில் ஒன்பது மாதம் நீரிலேயே கிடந்துவிட்டுப் பிறக்கும் குழந்தையின் மேல் வெள்ளை வெண்ணெய் மாதிரி ஒரு பூச்சு இருக்குமே, மருத்துவர்கள் அதை வெர்னிக்ஸ் என்பார்கள். வார்னிஷ் என்பதும் அதே சொல்தான். நீரில் வாழும் எதையும் இயற்கை எண்ணெயோ பூச்சோ இல்லாமல் விடுவதில்லை. பிறந்த பிறகு அந்தப் பூச்சை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

அங்கே பொதுக் குளங்களில் சட்டம் கறார். சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும், தொளதொளக் கால்சட்டை கூடாது. பெரும்பாலான இடங்களில் 'பொனே' என்கிற தொப்பியும் கட்டாயம். ஆனால் குளிர்காலத்தில் அறைக்குள் ஹீட்டர் காற்றைக் காய வைக்கிறது, பாரிஸ் குழாய்த் தண்ணீரோ சுண்ணாம்பு நிறைந்த கடினநீர். புதுச்சேரியில் ஒருமுறை பூசினால் போதும் என்றால் அங்கே இரண்டு முறை வேண்டும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், அதனால் அங்கே அது பாட்டிலுக்குள் கல்லாக நிற்கும். அகல வாய் டப்பாவில் கொண்டுபோய், உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் தானே உருகும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? இவ்வளவு செய்தும் இரண்டு வாரத்தில் அரிப்பு அடங்காவிட்டால், தடிப்புத் தடிப்பாக எழும்பினால், தோல் வெடித்து நீர் கசிந்தால், சர்க்கரை உள்ளவருக்குக் காலில் எவ்வளவு சின்னப் புண் வந்தாலும் உடனே. வயதானவர்களுக்கு வரும் அரிப்புக்குத் தைராய்டு, சிறுநீரகம், ஈரல் என்று உள்ளே வேறு காரணங்களும் இருக்கலாம். எல்லாப் பழியையும் நீச்சல் குளத்தின் மேல் போட்டுவிடக் கூடாது.

எங்கள் ஆசிரியர் நண்பர் புண் ஆறிய பிறகு, டாக்டர் அனுமதியோடு திரும்பி வந்தார். வெந்நீரையும் நாரையும் விட்டுவிட்டார். என் எண்ணெய் பாட்டிலில் கொஞ்ச நாள் பங்கு வாங்கிக்கொண்டிருந்தவர், இப்போது சொந்தமாக வைத்திருக்கிறார். ஒன்றரை வருடமாகக் காலில் ஒரு வெடிப்பும் இல்லை. மாடிப்படி ஏறுகிறார்.

ஆகவே, தொலைபேசியில் பேசிய அந்த நண்பருக்கு நான் சொல்வது இதுதான். நீச்சலை நிறுத்த வேண்டாம். முன்னால் ஐந்து நிமிடம், பின்னால் ஐந்து நிமிடம், மொத்தம் பத்து நிமிடத்து வேலை இது. நீச்சலை விட்டால் தோல் வேண்டுமானால் பிழைத்துக்கொள்ளும், ஆனால் முழங்கால் உட்கார்ந்துவிடும், அதோடு மனமும் உட்கார்ந்துவிடும். அரிப்பு அடங்கியிருந்தால் திங்கட்கிழமையே தொடங்குங்கள். ஞாயிறு இரவு தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ள மறக்காதீர்கள்.